போஸ்ட் போட்டும் ஓடர் வரவில்லையா? மலையகத்தில் நெட்வேர்க் மார்க்கெட்டிங் செய்பவர்களுக்குப் பிழை பார்க்கும் வழி

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்துகொண்டு, 2018 இலிருந்து போனை வைத்தே நெட்வேர்க் மார்க்கெட்டிங் செய்கிறேன், அதாவது கம்பனிச் சாமானை விற்று, ஆட்களையும் சேர்த்துக் கமிஷன் எடுக்கிற தொழில். சவர்க்காரம், துணி கழுவும் திரவம், பல்பசை, கைக்குப் பூசும் கிறீம், இந்த மாதிரிச் சாமான்கள். முதல் இரண்டு வருடம் நான் செய்தது பெரும்பாலும் பிழை. அதில் ஒரு பிழை இன்றைக்கும் மனதை அறுக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். இப்போது பொகவந்தலாவை, ராகலை, வெலிமடை, பசறை என்று பல பக்கத்திலிருந்தும் தம்பி தங்கச்சிமார் போன் எடுக்கிறார்கள். கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "அண்ணா, தினமும் போஸ்ட் போடுறேன், ஒன்னும் நடக்கல."

ஒன்றும் நடக்காததற்கு ஒரே காரணம் இருப்பதில்லை. லைக் வந்து ஓடர் வராதது ஒரு நோய், ஓடர் வந்து பார்சல் திரும்புவது வேறு நோய். உங்களுக்கு எங்கே சிக்கியிருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

எதற்கும் முன்பு: கம்பனி உங்களுக்குக் கமிஷன் தருகிற பிளானையே சோதியுங்கள்

போன மாதம் கைக்கு வந்த கமிஷனை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதை இரண்டாகப் பிரியுங்கள். கம்பனியில் சேராத, வெறுமனே சாமானை வாங்கிப் பாவிக்கிற ஆட்களிடமிருந்து வந்தது ஒரு பக்கம். புதிதாகச் சேர்ந்தவர் கட்டிய பணத்திலிருந்தும், ஏற்கெனவே சேர்ந்தவர்கள், சாமான் வாங்குவதற்குக் கம்பனி தரும் பாயிண்ட் விழுந்துவிடக்கூடாது என்று தாங்களே வாங்கிக் குவித்ததிலிருந்தும் வந்தது மறுபக்கம். இரண்டாவது பக்கம்தான் பெரிது என்றால் உங்களுக்கு இருப்பது ஆன்லைன் பிரச்சினை இல்லை. எவ்வளவு நல்ல போஸ்ட் போட்டாலும் அது இன்னும் நான்கு பேரை அதே குழிக்குள் இறக்குமே தவிர வேறொன்றும் செய்யாது.

சட்டமும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. இலங்கையின் 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தில் 83சி என்று ஒரு பிரிவு உண்டு, 2005 இல் வந்த திருத்தம் சேர்த்தது. சேருகிறவர் பணம் கட்ட வேண்டும், அவருக்கு வரும் வருமானமோ பெரும்பாலும் ஆள் தொகை கூடுவதிலும் கட்டும் பணம் கூடுவதிலும் தங்கியிருக்கும் என்றால், பிரமிட் என்று ஆட்கள் சொல்கிற அந்த மாதிரித் திட்டத்துக்குத் தடை, மீறினால் சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். கம்பனி நடத்துகிறவனுக்குத்தானே என்று நினைக்காதீர்கள். தொடங்குவது, நடத்துவது, பணம் போடுவது, விளம்பரம் செய்வது எல்லாமே அந்தப் பிரிவுக்குள் வருகிறது, நீங்கள் பேஸ்புக்கில் போடுவதும் விளம்பரம்தான். மத்திய வங்கி விசாரித்து இந்தப் பிரிவை மீறியதாகக் கண்ட கம்பனிகளின் பட்டியல் அதன் இணையத்தளத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக நல்ல கம்பனி என்று முடிவுகட்டவும் முடியாது.

"எங்ககிட்ட சாமான் இருக்கு, அதனால இது பிரமிட் இல்ல" என்று லீடர்மார் சொல்வது போதாது. 1979 இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு ஆம்வே என்ற நெட்வேர்க் கம்பனியின் வழக்கில் அது பிரமிட் இல்லை என்று தீர்த்தபோது சாமான் இருக்கிறதா என்பதோடு நிற்கவில்லை. விற்காத சரக்கை விலகுகிறவரிடமிருந்து திருப்பி வாங்குகிறார்களா, வாங்கியதில் 70 சதவீதமாவது விற்றாக வேண்டுமா, மாதம் பத்து வெளி வாடிக்கையாளருக்காவது விற்றாக வேண்டுமா என்ற மூன்று விதியையும் பார்த்தது. 2016 இல் ஹேர்பலைஃப் என்ற இன்னொரு நெட்வேர்க் கம்பனி 200 மில்லியன் டொலர் கட்டிச் சமரசத்துக்கு வந்தபோதும் பேச்சு அதேதான்: ஊதியம் உண்மையான விற்பனையிலிருந்து வர வேண்டும். அவர்கள் சட்டம் நம்மைக் கட்டாது. ஆனால் அந்த மூன்று கேள்வியையும் உங்கள் அப்லைனிடம், அதாவது உங்களைச் சேர்த்துவிட்டவரிடம், கேட்டுப் பாருங்கள். எரிச்சல்பட்டு, "நெகட்டிவா யோசிக்காதீங்க" என்று சொன்னால் பதில் கிடைத்துவிட்டது.

சோதனையில் தேறினீர்களா? சரி, இனி போனை எடுங்கள்.

குரூப்பில் சேர்த்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே போகிறார்கள்

கேட்காமல் சேர்த்திருப்பீர்கள். வேறு காரணம் தேட வேண்டியதில்லை. போனில் இருக்கிற பெயரையெல்லாம் ஒரே இரவில் குரூப்பில் போட்டு, விடிந்ததும் ஒரு பூப்படம், அப்புறம் கம்பனி வீடியோ மூன்று. கொழும்பில் இதைச் செய்தால் முகம் தெரியாத நாலு பேர் போவார்கள், அவ்வளவுதான். இங்கே அப்படி இல்லை. தோட்டத்து வரிசை வீடான ஒரு லயத்தில் பத்து வீடு என்றால் அதில் ஏழு வீடு மாமன் மச்சான் முறை. பெரியம்மா குரூப்பை விட்டுப் போனது மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் பேச்சாகிவிடும், அதற்குப் பிறகு நீங்கள் நேரில் போனாலும் "என்னாத்த விக்க வந்திருக்கான்" என்ற பார்வைதான்.

அந்தக் குரூப்பைக் கலைத்துவிடுங்கள். மன்னிப்பாக ஒரு வரி எழுதிவிட்டுக் கலையுங்கள், தப்பில்லை. பிறகு சாதாரண வாட்ஸ்அப்பை விட்டு வாட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியைப் போடுங்கள், காசு இல்லை. அதில் ஒவ்வொரு ஆளுக்கும் லேபிள் ஒட்டலாம். நான் வைத்திருப்பது நான்கு: விலை கேட்டவர், ஒரு தடவை வாங்கியவர், மாதாமாதம் வாங்குகிறவர், வேண்டாம் என்றவர். கடைசி லேபிள்தான் எனக்கு முக்கியம். வேண்டாம் என்றவருக்கு நான் மறுபடி ஒன்றும் அனுப்புவதில்லை, தீபாவளி வாழ்த்து கூடச் சாமான் படம் இல்லாமல்தான். அப்படி விட்ட ஆட்களில் சிலர் ஒரு வருடம் கழித்துத் தாங்களாகவே கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

குரூப்புக்குப் பதில் பிரோட்காஸ்ட் லிஸ்ட். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை. ஒவ்வொருவருக்கும் தனியாக வந்த செய்தி மாதிரிப் போகும், ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் இது பெரிய விஷயம், ஏனென்றால் தான் என்ன வாங்குகிறோம் என்பது பக்கத்துக் காம்பிராவுக்கு, அதாவது பக்கத்து வீட்டுக்குத் தெரிவதை யாரும் விரும்புவதில்லை.

பிரோட்காஸ்ட் அனுப்பினால் ஒரு டிக்கோடு நிற்கிறது

உங்கள் இலக்கத்தைத் தன் போனில் சேமித்தவருக்குத்தான் பிரோட்காஸ்ட் போய்ச் சேரும், இது பலருக்குத் தெரியாது. ஆகவே முதல் தடவை சாமான் கொடுக்கும்போதே, பக்கத்தில் நின்று, "அக்கா, நம்பர சேவ் பண்ணிக்கங்க, சாமான் முடிஞ்சா சொல்லுங்க கொண்டுவாறேன்" என்று சொல்லி அவர் சேமிப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சேமித்தும் ஒரு டிக் என்றால் அவரிடம் சிக்னல் இல்லை, அல்லது போனில் ரீலோட் காசு இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிய தோட்டப் பிரிவுகளில், அந்த டிவிஷன்களில், வீட்டு வாசலில் ஒரு கோடு, உள்ளே போனால் அதுவும் இல்லை. இதற்கு மருந்து நேரம்தான். பகல் பதினொரு மணிக்கு அனுப்பாதீர்கள், கொழுந்தெடுக்கிற ஆள் போனைப் பார்க்கிற நேரம் இல்லை அது. கொழுந்தை எடை போடுகிற மடுவத்தில் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்து, அடுப்பு மூட்டி, ஏழரை எட்டு மணிக்குத்தான் ஒரு மூச்சு விடுவார்கள். அதோடு, பல வீட்டில் நல்ல போன் இருப்பது படிக்கிற பிள்ளையின் கையில். செய்தியைப் படித்து அம்மாவுக்குச் சொல்லப்போவது அந்தப் பிள்ளைதான் என்று நினைத்து எழுதுங்கள், சின்ன வசனமாக, சுத்தத் தமிழில்.

லைக் குவிகிறது, வாங்க ஆள் இல்லை

லைக் போட்டது யார் என்று ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் உங்கள் டீம் ஆட்களாக இருப்பார்கள். "எல்லாரும் எல்லாருடைய போஸ்டையும் லைக் பண்ணணும்" என்று மீட்டிங்கில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதனால் நடப்பது என்ன? பேஸ்புக் உங்கள் போஸ்டை விரும்புகிற ஆட்கள் இவர்கள்தான் என்று எடுத்துக்கொண்டு அடுத்ததையும் அவர்களுக்கே காட்டுகிறது. விற்கிறவர்கள் விற்கிறவர்களுக்கே விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். டீமிடம் கேட்டு அந்த லைக்கை நிறுத்துங்கள், எண்ணிக்கை விழும், விழட்டும்.

இரண்டாவது, என்ன போடுகிறீர்கள் என்பது. வாடகைக் காருக்கு முன்னால் நிற்கிற படம், கோட்டுப் போட்ட படம், துபாய் ஹோட்டல், "உன் வாழ்க்கையை நீ மாற்று" என்ற வாசகம். இதைப் பார்க்கிற தோட்டத்துப் பெண்ணுக்கு இதில் வாங்க என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை.

எனக்கு முதன்முதலில் டீமுக்கு வெளியே இருந்து ஓடர் கொண்டுவந்த வீடியோவைச் சொல்கிறேன். எங்கள் லயத்துப் பின்பக்கம், பீலித் தண்ணீர் விழுகிற கல். அதில் என் அம்மாவின் பழைய சேலைத் துண்டு, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றுகிற படங்குக்கு உள்ளே கட்டுவது, கொழுந்துக் கறை ஏறிக் கறுத்துப்போய் பலகை மாதிரி விறைத்திருந்தது. போத்தல் மூடியில் அரை மூடி திரவம், அரை வாளித் தண்ணீர், இருபது நிமிடம் ஊற. அதற்குப் பிறகு அம்மா இரண்டு கையாலும் கசக்குகிறார், தண்ணீர் பழுப்பாக இறங்குகிறது, அம்மாவின் விரல் வெடிப்புகளுக்குள் இருக்கிற கறுப்பும் தெரிகிறது. கறை முழுதாகப் போகவில்லை. கரையோரம் ஒரு நிழல் இருந்தது, அதையும் காட்டினேன், "முழுசாப் போகல, ஆனா விறைப்புப் போயிருச்சு" என்று அம்மாவே சொல்கிறார். நாற்பது செக்கன், பாட்டு இல்லை, கம்பனிப் பெயர் இல்லை, கடைசியில் விலை. அந்த வாரம் பதினொரு பேர் கேட்டார்கள், எல்லாரும் முன்பின் பேசாதவர்கள். முழுதாகப் போகவில்லை என்று சொன்னதால்தான் நம்பினார்கள் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வாரத்துக்கு இப்படி ஒரு வீடியோ போதும். மற்ற நாட்களில் ஸ்டேட்டஸ், அது 24 மணித்தியாலத்தில் தானாகப் போய்விடும், யாருக்கும் தொல்லை இல்லை. எழுதுவதைப் படத்துக்குள் மட்டும் எழுதாதீர்கள். பாமினி எழுத்துருவில் அடித்துப் படமாக்கிப் போட்டால் பேஸ்புக்கில் தேடுகிற ஆளுக்கு அது அகப்படாது. சாமானின் பெயரையும் ஊரின் பெயரையும் யூனிகோட் தமிழில் போஸ்டிலேயே எழுதுங்கள், ஹட்டன் என்றும் அட்டன் என்றும் இரண்டு விதமாக, ஏனென்றால் ஆட்கள் இரண்டு விதமாகவும் தேடுகிறார்கள்.

விலை கேட்கிறார்கள், "இன்பொக்ஸ் வாங்க" என்றதும் காணாமல் போகிறார்கள்

விலையை மறைத்தால் அது அதிக விலை என்றுதான் அர்த்தம் எடுப்பார்கள். நியாயம்தான். விலையைப் போஸ்டிலேயே போடுங்கள்.

அப்புறம் அந்த விலையை அவர்கள் கணக்கிலேயே சொல்லுங்கள். தோட்டத்து நாட்சம்பளம் 2021 இல் ஆயிரமாகி, 2024 இல் 1,350 ஆனது. அந்த 1,350 கணக்கில் 2,700 ரூபாய்ப் போத்தல் என்றால் ஈ.பி.எஃப். பிடிப்பதற்கு முன்பே இரண்டு நாள் மலையில் நின்ற கூலி. அதை அவர்கள் கண்முன் வைத்துத்தான் நீங்கள் பேச வேண்டும்: இந்தப் போத்தல் எத்தனை தடவை கழுவ வரும், ஒரு தடவைக்கு எவ்வளவு விழுகிறது, கடையில் இருக்கிற பக்கெட்டை விட மலிவா இல்லையா. மலிவு இல்லை என்றால் ஏன் வாங்க வேண்டும் என்பதற்கு நேர்மையான காரணம் இருக்க வேண்டும். காரணம் இல்லாத சாமானை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன், கம்பனி எவ்வளவு பாயிண்ட் கொடுத்தாலும் சரி. சின்னப் பக்கெட் இருந்தால் அதை முன்னால் வையுங்கள்.

சம்பளம் பத்தாம் திகதி. விற்பனைப் போஸ்ட் எட்டாம் திகதியிலிருந்து பதினைந்தாம் திகதிக்குள். இருபதுக்குப் பிறகு விற்கப் பார்க்காதீர்கள், கைகளில் காசு இருக்காது. அந்த நாட்களில் பாவிக்கும் முறை, கறை எடுப்பது, பல் துலக்கப் பிள்ளைகளைப் பழக்குவது மாதிரி விஷயங்களைப் போடுங்கள். தீபாவளி அட்வான்ஸ் கிடைக்கிற வாரம் மட்டும் இந்தக் கணக்கு மாறும். ஆனால் அந்தக் காசு பிள்ளைகளின் உடுப்புக்கு என்று இருக்கிறது, அதில் கை வைக்கிற மாதிரி விளம்பரம் போடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

லிங்க் அனுப்பினால் யாரும் திறப்பதில்லை

வாடிக்கையாளர் பலர் போனில் போட்டிருப்பது வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் மட்டும் வேலை செய்கிற டேட்டா பேக்கேஜ். கம்பனி இணையத்தளமோ யூடியூபோ அதில் ஓடாது, ஓடினால் ரீலோட் கரையும். சொல்ல வேண்டியதை வாட்ஸ்அப்புக்குள்ளேயே சொல்லுங்கள். பிஸ்னஸ் செயலியில் கெட்டலொக் இருக்கிறது, படம், விலை, அளவு எல்லாம் அங்கேயே ஏற்றிவிடலாம். சூம் மீட்டிங்குக்கும் இதே கதைதான், ஒன்றரை மணி நேர மீட்டிங்கை இரண்டு நிமிடக் குரல்பதிவாகச் சுருக்கி அனுப்பினால் கேட்பவர்கள் கூடுவார்கள்.

ஓடர் வருகிறது, பார்சல் திரும்பி வருகிறது

கொழும்பு லீடர்மார் யாரும் இதைப் பற்றிப் பேசமாட்டார்கள், அவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. எங்கள் லயங்களில் பெரும்பாலானவற்றுக்கு வீட்டு வாசல் வரை வருகிற விலாசம் கிடையாது. கடிதமே தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யாராவது எடுத்துவந்து கொடுத்தால் உண்டு. அப்படியிருக்க, கூரியர் பையன் டவுனில் நின்று போன் எடுக்கிறான், சிக்னல் இல்லை, இரண்டாவது நாளும் எடுக்கிறான், மூன்றாவது நாள் பார்சல் திரும்புகிறது. பொருளைக் கையில் கொடுத்துக் காசு வாங்கும் முறை என்றால் போக்குவரத்துச் செலவு உங்கள் தலையில்.

முதலில் விலாசம் கேட்கிற விதத்தை மாற்றுங்கள். "விலாசம் அனுப்புங்க" என்றால் தோட்டப் பெயர் மட்டும் வரும். தோட்டம், எந்த டிவிஷன், எத்தனையாம் நம்பர் லயம், பக்கத்தில் கோயிலா, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவமா, வீட்டில் இரண்டாவது போன் நம்பர், இதையெல்லாம் ஒரு அச்சாக எழுதி வாட்ஸ்அப்பில் குயிக் ரிப்ளையாகச் சேமித்துவிடுங்கள், ஓடர் வந்ததும் ஒரு தட்டில் போய்விடும்.

அதைவிட நல்லது கூரியரை நம்பாமல் விடுவது. நான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நாளில் டவுன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் தெரிந்த ஒரு கடையில் சாமானைப் பெயர் ஒட்டி வைத்துவிடுகிறேன், கடைக்காரருக்குப் பொட்டலத்துக்கு இவ்வளவு என்று பேசியிருக்கிறது. மரக்கறி வாங்க இறங்கி வருகிறவர்கள் பார்த்து, முகர்ந்து, காசு கொடுத்து எடுத்துப் போகிறார்கள். வேண்டாம் என்றால் வைத்துவிட்டுப் போகலாம். வாராவாரம் வியாழக்கிழமை இரவு "இந்த ஞாயிறு பத்திலிருந்து ஒரு மணி வரை" என்று பிரோட்காஸ்ட் போகும். பார்சல் திரும்புவது அத்தோடு நின்றது. மழை பிடித்து பாதை அடைபட்ட வாரங்களில் மட்டும் திகதியைத் தள்ளிவைக்கிறேன், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

விளம்பரத்துக்குக் காசு கட்டினால் நிராகரிக்கிறார்கள், கணக்கே முடங்குகிறது

"வீட்டிலிருந்தே மாதம் இலட்சம்" என்று எழுதினீர்களா? குறைந்த முதலீட்டில் சீக்கிரம் பணம் என்று காட்டுகிற தொழில்வாய்ப்புகளை, பேஸ்புக்கை நடத்துகிற மெட்டாவின் விளம்பர விதிகள் ஏற்பதில்லை, நாம் செய்கிற நெட்வேர்க் மார்க்கெட்டிங்கை மல்டிலெவல் மார்க்கெட்டிங் என்று பெயர் சொல்லியே தடுத்திருக்கிறார்கள். டிக்டொக்கும் 2020 டிசம்பரில் தன் விதிகளில் அதற்குத் தடை போட்டது. வார்த்தையை மாற்றி, எழுத்துக்கு நடுவே புள்ளி வைத்து ஏமாற்றலாம் என்று சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், கணக்கோடு சேர்த்து அதிலிருக்கிற வாடிக்கையாளர் பேச்செல்லாம் போய்விடும். காசு கட்டிப் போடும் விளம்பரம் சாமானுக்கு மட்டும்.

சாமானுக்குப் போட்டும் நிராகரித்தால், உடம்பைப் பற்றி என்ன எழுதினீர்கள் என்று பாருங்கள். முன்னே பின்னே என்று இரண்டு படம், "சீனி வருத்தம் இறங்கும்", "பிரஷர் மாத்திரையை நிப்பாட்டலாம்". நோயைக் குணமாக்கும் என்று சொன்ன கணத்தில் அது மருந்துப் பேச்சாகிவிடுகிறது, மருந்து 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் கையில். சட்டத்தை விடுங்கள், உங்கள் பேச்சைக் கேட்டு ஒரு வயதான மனுஷி மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன செய்வீர்கள்? ஆஸ்பத்திரி தூரம், இரவில் வாகனம் கிடைக்காது. இந்த விஷயத்தில் என் டீமில் யாருக்கும் இரண்டாவது தடவை கிடையாது, எழுதினால் விலக்கிவிடுவேன்.

காசு வீணாவதற்கு இன்னொரு இடம், வரைபடம். ஹட்டன் என்று நகரப் பெயரைத் தேர்ந்தால் பேஸ்புக் குறைந்தது பதினாறு பதினேழு கிலோமீட்டர் வட்டம் போடும். காக்கை பறக்கிற கணக்கில் நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை, பொகவந்தலாவை எல்லாம் அதற்குள் வந்துவிடும், ஆனால் பாதை வளைந்து வளைந்து போகிற ஊரில் அவற்றில் சில இடத்திலிருந்து நீங்கள் சாமான் வைக்கிற கடைக்கு வர ஒரு மணித்தியாலம் கூட ஆகலாம். நகரப் பெயரை விட்டு வரைபடத்தில் புள்ளி குத்துங்கள், அப்போது வட்டத்தைச் சில கிலோமீட்டராகச் சுருக்கலாம். மொழி என்ற இடத்தில் தமிழ் என்று தேர்ந்துவிடாதீர்கள், எங்கள் பிள்ளைகள் பலர் பேஸ்புக்கை ஆங்கிலத்தில் வைத்திருப்பார்கள், அவர்கள் வெளியே போய்விடுவார்கள். விளம்பரமே தமிழில் இருந்தால் படிக்கிற ஆள் நிற்பார்.

சேர்ந்தவர்கள் மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறார்கள்

நான் சொல்கிறேன் என்ற பிழை இங்கேதான்.

2019 கடைசியில் என் சித்தி மகளைச் சேர்த்தேன். அப்போது நான் வேறொரு கம்பனியில் இருந்தேன். தோடு இரண்டையும் டவுனில் அடகு வைத்துத்தான் அவள் சேர்ந்தாள், எனக்குத் தெரியும், தெரிந்தும் தடுக்கவில்லை, ஏனென்றால் மாதக் கடைசிக்குள் நான் சேர்த்தாக வேண்டிய கணக்கில் ஒரு ஆள் குறைந்திருந்தது. சாமான் ஐந்து பெட்டி வந்தது. அப்லைன் சொன்னபடி பெட்டிகளை அடுக்கி, அவளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து, "இன்னொரு சாதனைப் பெண்" என்று எழுதிப் போட்டேன். லைக் கொட்டியது. அவளுக்கு விற்கத் தெரியாது, யாரும் சொல்லித் தரவும் இல்லை, சேர்ப்பதற்கு ஆள் தேடு என்று மட்டும்தான் சொன்னோம். அடுத்த ஆடி மழைக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்கு அடியில் பெட்டிகள், மேலே ஒரு பழைய சேலை போர்த்தியிருந்தது. தரை ஈரம் ஏறி அடிப்பெட்டி ஊதிப்போய், உள்ளே போத்தல்களில் ஒட்டியிருந்த லேபிள் கையோடு வந்தது. சித்தி தேத்தண்ணீர் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. கம்பனி திருப்பி எடுக்கவில்லை. நான் ஏழு மாதம் கட்டித் தோட்டை மீட்டுக்கொடுத்தேன், அந்தக் கம்பனியையும் விட்டேன்.

அதற்குப் பிறகு வைத்துக்கொண்ட முறை இது. யார் சேரக் கேட்டாலும் முதலில் சேர்ப்பதில்லை. மூன்று மாதம் என் சரக்கிலிருந்து எடுத்து விற்கட்டும், விற்ற பிறகு காசு கொடுக்கட்டும். சொந்தக்காரர் இல்லாத பத்துப் பேர் இரண்டாவது தடவையும் வாங்கினால் அப்போது பேசலாம். நகை, சீட்டுக் காசு, மைக்ரோ பைனான்ஸ் கடன், இவற்றில் எதிலிருந்து பணம் வந்தாலும் வேண்டாம். டீம் மெதுவாகத்தான் வளரும். இப்போது என்னோடு இருப்பது பதினாலு பேர், இரண்டு வருடமாக யாரும் விலகவில்லை.

அந்த மூன்று மாதத்தில் ஆன்லைனில் அவர்களுக்குச் சொல்லித் தருவது ஒன்றுதான், திரும்பக் கேட்பது. சாமான் கொடுத்த மூன்றாம் நாள், "சரியா வருதா அக்கா?" பத்தாம் நாள், பாவிக்கிற விதத்தில் ஏதாவது சந்தேகமா. இருபத்தைந்தாம் நாள், முடியப்போகிறதா. போன் கலண்டரில் பெயரோடு போட்டு வைத்தால் அதுவே ஞாபகப்படுத்தும். புது ஆள் தேடி அலைவதை விட இந்த மூன்று செய்தியில் வருகிற விற்பனை கூட.

"இது அந்தப் பிரமிட்தானே?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்கிறார்கள்

கோபப்படாதீர்கள். எங்கள் பக்கத்தில் ஏமாந்த வீடு இல்லாத தோட்டத்தைக் காட்டுவது கஷ்டம். "கேக்குறது சரி அக்கா. நீங்க சேர வேணாம். சாமான் பிடிச்சா வாங்குங்க, பிடிக்காட்டி திருப்பித் தாங்க" என்று சொல்லுங்கள், திருப்பித் தந்தால் முகம் சுளிக்காமல் வாங்குங்கள்.

எல்லாம் செய்தும் கைக்காசு போகிறது

மூன்று மாதக் கணக்கு எழுதுங்கள். ரீலோட், பஸ், மீட்டிங் கட்டணம், பாயிண்ட் காக்க நீங்கள் வாங்கியது, எல்லாம் ஒரு பக்கம். கமிஷனும் சில்லறை இலாபமும் மறுபக்கம். மூன்று மாதமும் முதல் பக்கம்தான் கூட என்றால் நிறுத்துங்கள். நான்காவது மாதம் மாறும் என்று சொல்வார்கள், என்னிடமும் சொன்னார்கள். கையிலிருக்கும் சரக்கைக் கம்பனி திருப்பி எடுக்குமா என்று எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் கேட்காதீர்கள். பிறகு ஒளிந்துகொள்ளாமல் வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்புங்கள், அதே பிரோட்காஸ்டில், ஏழரை மணிக்கு. நான் பழைய கம்பனியை விட்டபோது அனுப்பியது இது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"வணக்கம். இந்த மாதத்தோடு இந்தச் சாமான் விற்பதை நிறுத்துகிறேன். மூடி திறக்காத போத்தல் யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவாருங்கள், வாங்கிய விலையைத் திருப்பித் தருகிறேன். என் மூலம் சேர்ந்தவர்கள் தயவுசெய்து எனக்குக் கோல் எடுங்கள், உங்கள் வீட்டுக்கு வந்து பேசுகிறேன்."